கும்பாபிஷேக மலர், பதினேழாம் பக்கம்

கோபி பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நம் கோவில் கும்பாபிஷேக மலர் இன்று மாலை ஆறு மணிக்கு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதினேழாம் பக்கத்தில், எங்கள் அப்பா மாயாற்றில் பிடித்த பெரிய மீனுடன் நிற்கும் போட்டோவைப் போட்டு, "இன்று அடியோடு அழிந்துவிட்ட மீனுடன் நம் குடும்பத்துப் பெரியவர்" என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

சத்தி அத்தை: அது உன் அப்பா இல்லை, தம்பி. என் அப்பா.

கார்த்தி: ஆரம்பித்துவிட்டது.

சித்தோடு சித்தப்பா: கோவில் மலரில் மீன் பிடித்த படம் எதற்கு, அண்ணா? எதிர்ப்பக்கத்தில் அன்னதான நன்கொடையாளர் பட்டியல் வருகிறது.

உடுமலை மாமா: நிற்பவர் யார் என்பதை நீங்கள் பேசி முடியுங்கள், மீனைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். "அடியோடு அழிந்துவிட்ட" என்று போட்டால் அது தவறான செய்தியாகிவிடும். படத்தில் தலை முடியும் இடத்திலிருந்து முதுகு சட்டென்று மேலே எழும்பி, காளையின் திமிலைப் போல நிற்கிறது பாருங்கள். மசீர் என்பது பெரிதாக வளரும் ஆற்று மீன் வகை; அதில் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழும் திமில் மசீருக்கு அதுதான் அடையாளம். அது அழிவின் விளிம்பில் நிற்கிறதே தவிர இன்னும் அழியவில்லை. இந்த மீனைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வுக்கு வேண்டிய மீன்களை நம் மாயாற்றில்தான் பிடித்தார்கள். அந்த ஆய்வுக் குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார்.

சித்தோடு சித்தப்பா: கெண்டை மாதிரிதான் இருக்கிறது.

உடுமலை மாமா: கெண்டைக் குடும்பம்தான். ஆனால் சந்தையில் வாங்கும் கெண்டையை வைத்து இதை எடைபோடாதீர்கள். மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

கார்த்தி: அப்பாரு பிடித்தது எத்தனை கிலோங்க?

கோபி பெரியப்பா: அப்பா நாற்பது கிலோ என்பார்.

சத்தி அத்தை: பெரியப்பா எல்லாவற்றையும் இரண்டு மடங்காகத்தான் சொல்வார். நிலக் கணக்கு மட்டும் குறையும்.

நந்தினி: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செவுள் வழியாகக் கயிறு கோத்து மூங்கிலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வால் அப்பாருவின் முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. மாமா, இதற்கு அறிவியல் பெயர் என்ன? படக்குறிப்பில் சேர்த்துவிடலாம்.

உடுமலை மாமா: அங்கேதான் வழக்கே இருக்கிறது, கண்ணு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளைக்காரத் துரைகள் தூண்டில் போட்டுப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட மீனுக்கு, 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் கிடையாது. 1839-இல் சைக்ஸ் என்பவர் தக்காணத்து மீன்களை விவரித்தபோது வைத்த 'முசுல்லா' என்ற பெயரைப் பின்னால் வந்தவர்கள் இதன் தலையில் கட்டினார்கள். அந்தப் பெயருக்கு உரியது மசீரே இல்லை, வேறு பேரினத்து மீன் என்று 2013-இல் காட்டியபோது, நம் மீன் பெயரில்லாமல் நின்றது.

சித்தோடு சித்தப்பா: பட்டா மாறிய நிலம் போல.

சத்தி அத்தை: அந்தப் பேச்சை எடுத்தவன் நீதான், நான் இல்லை.

உடுமலை மாமா: இன்னும் கேளுங்கள். மறையூர்ப் பக்கம் ஓடி நம் அமராவதி அணைக்கு வருகிற பாம்பாற்றில் சிறிய மீன்களைப் பிடித்து, அது புதிய இனம் என்று கேரள ஆய்வாளர்களான குரூப்பும் ராதாகிருஷ்ணனும் முன்பே எழுதி, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் 'டோர் ரெமாதேவி' என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். அவர்கள் பார்த்தவை சிறிய மீன்கள் என்பதால், திமிலோடு பெரிதாக வளரும் காவிரி மீனும் அதுவும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2018-இல் இரண்டும் ஒன்றே என்று முடிவு செய்தார்கள். அதே ஆண்டு இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம், அழிவுக்கு மிக அருகில் உள்ளவற்றின் வரிசையில் இதைச் சேர்த்தது. பெயர் கிடைக்கும் வரை இந்த இனத்தின் நிலையை முறையாக மதிப்பிடவே முடியவில்லை; எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அதுதான்.

கார்த்தி: மாமாவுக்கு எப்படியும் அமராவதி அணை வந்துவிடும்.

கோபி பெரியப்பா: மாப்பிள்ளை, மேட்டூரிலும் பவானிசாகரிலும் மசீர் நிறைய இருப்பதாகச் சொல்கிறார்களே?

உடுமலை மாமா: மசீர் என்று சொல்லிவிட்டால் போதாது, மச்சான். புனே பக்கத்து ஆறுகளைச் சேர்ந்த நீலத் துடுப்பு மசீரை லோனாவாலாப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்துக் காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் 1998 முதல் 2012 வரை கர்நாடகப் பகுதிக் காவிரியில் தூண்டில்காரர்கள் பிடித்துத் திரும்ப விட்ட மீன்களின் கணக்கைப் பார்த்தபோது, வந்த மீன் பெருகியதும் ஆரஞ்சுத் துடுப்புள்ள நம் மீன் அருகியதும் தெரிந்தது. ஆற்றில் மசீர் ஏராளம் என்று எல்லோரும் மகிழ்ந்திருந்த ஆண்டுகளிலேயே உள்ளூர் மீன் போய்க்கொண்டிருந்தது. அணைகள் வழியை மறித்ததும் தோட்டா போட்டு மடுவோடு கொன்றதும் தனிக்கதை.

சித்தோடு சித்தப்பா: அப்படியென்றால் படத்தில் இருப்பது புனே மீனாகவும் இருக்கலாமே? கறுப்பு வெள்ளையில் துடுப்பின் நிறம் எங்கே தெரிகிறது?

உடுமலை மாமா: நல்ல கேள்வி. படம் எடுத்த ஆண்டு தெரிந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். குஞ்சு விட்டதெல்லாம் பிற்காலம்.

சத்தி அத்தை: பவானிசாகர் அணை கட்டி முடிப்பதற்கு முன்னால் எடுத்தது. டணாயக்கன் கோட்டை அப்போது தண்ணீருக்குள் போகவில்லை. நான் பாவாடை கட்டிக்கொண்டு படத்தின் ஓரத்தில் நின்றேன். போட்டோக்காரர் என்னை நகரச் சொல்லிவிட்டார்.

உடுமலை மாமா: அப்படியானால் 1955-க்கு முன்பு. திமிலும் இருக்கிறது, காலமும் பொருந்துகிறது. இதற்கு மேல் உறுதி சொல்ல மீனின் உடற்பகுதி ஏதாவது வேண்டும்.

சத்தி அத்தை: செதில் இருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். ஆத்தா இரண்டு செதிலைக் கழுவிக் காயவைத்து நகை வைக்கும் மரப்பெட்டியில் போட்டு வைத்தார்.

நந்தினி: காய்ந்த செதிலிலிருந்தும் மரபணு எடுக்க முடியும், பெரியப்பா! அந்தப் பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது?

சத்தி அத்தை: பாகப்பிரிவினையில் பெட்டி எங்கே போனது என்று என்னைக் கேட்காதே.

சித்தோடு சித்தப்பா: எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. அது அந்தப் பெட்டி இல்லை.

கார்த்தி: திறந்து பார்க்காமலே எப்படிச் சித்தப்பா சொல்கிறீர்கள்?

சித்தோடு சித்தப்பா: கும்பாபிஷேகம் முடியட்டும், பார்ப்போம்.

கோபி பெரியப்பா: பெட்டி விவகாரம் பிறகு. இப்படி மாற்றியிருக்கிறேன்: "மாயாற்றில் 1955-க்கு முன் பிடிக்கப்பட்ட, திமில் மசீர் எனக் கருதப்படும் மீனுடன் நம் குடும்பத்துப் பெரியவர்." சரிதானா?

உடுமலை மாமா: மிகச் சரி. "இன்று அழிவின் விளிம்பில் உள்ள" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

சித்தோடு சித்தப்பா: மீனுக்குக் "கருதப்படும்" போட்டால், ஆளுக்கும் போட வேண்டியிருக்கும்.

சத்தி அத்தை: என் அப்பா பெயரைப் போடு. கருத ஒன்றும் இல்லை.

கோபி பெரியப்பா: அக்கா, தலைப்பாகை கட்டும் முறையைப் பாருங்கள். நேரில் வந்து பேசுகிறேன்.

கார்த்தி: அச்சகத்தில் கேட்கிறார்கள்: விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்துவிட்டதால் படத்தின் ஓரத்தை வெட்ட வேண்டுமாம். எந்தப் பக்கம் வெட்டச் சொல்லட்டும்?

உடுமலை மாமா: வால் போனாலும் போகட்டும், திமிலை வெட்டிவிட வேண்டாம் என்று சொல்லிவிடு.