திறன்பலகை இருக்கிறது, காணொளியும் ஓடுகிறது. மின்னோட்டம் மட்டும் ஏன் புரியவில்லை?

கேள்வி: பட்டதாரி ஆசிரியர், அறிவியல்

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பறைக்குத் திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) வந்துவிட்டது. 2018 முதல் புதிய பாடநூல்களில் இடம்பெற்றுவரும் கியூ.ஆர். குறியீடுகளாலும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியாலும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. மின்னோட்டவியல் பாடத்துக்கு அவற்றைப் போட்டுக் காட்டினால் மாணவர்கள் அசையாமல் பார்க்கிறார்கள். ஆனால், ஒரே மாதிரியான இரண்டு மின்விளக்குகளைத் தொடரிணைப்பில் (ஒரே கம்பிவழியில் ஒன்றன்பின் ஒன்றாக) வரைந்து, எது கூடுதலாக ஒளிரும் என்று கேட்டால், மின்கலத்துக்குப் பக்கத்தில் முதலில் வருவதுதான் என்று பலர் சொல்கிறார்கள். ஓம் விதிக் கணக்குகளைப் பிழையின்றிப் போடுகிறவர்களும் அவர்களில் உண்டு. மாணவர் கையில் கருவி எதுவும் இல்லாத, இணையமும் அடிக்கடி அறுந்துபோகும் வகுப்பறையில், இந்தப் பலகையை வேறு எப்படிப் பயன்படுத்தலாம்?

மறுமொழி 1: முதுகலை ஆசிரியர், இயற்பியல்

வணக்கம். இரண்டு விளக்குகளும் ஒரே அளவில்தான் ஒளிரும் என்றாலும், தங்கள் மாணவர்களின் தவறான விடை தற்செயலானது அன்று. முதல் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்ற எண்ணம் உலகெங்கும் மாணவர்களிடம் காணப்படுவது. காணொளி அந்த எண்ணத்தோடு மோதுவதே இல்லை; சரியான விளக்கத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது, மாணவரும் தம் எண்ணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டே தலையாட்டுகிறார்.

ஆகவே, காணொளியை நிறுத்திவிட்டு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் மின்சுற்றுப் பாவனையை (கணினித் திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் மாதிரியை) திறன்பலகையில் திறந்துபாருங்கள். மின்கலம், கம்பி, விளக்கு, சாவி (சுவிட்ச்) ஆகியவற்றை இழுத்து இணைத்தால் சுற்று உருவாகும். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்கள் கம்பிக்குள் நகர்வது புள்ளிகளாகத் தெரியும். விளக்குக்கு முன்னும் பின்னும் அவை ஒரே வேகத்தில் செல்வதையும், இரண்டாவது விளக்கைத் தொடரில் சேர்த்த உடனே சுற்று முழுவதும் வேகம் குறைவதையும் மாணவரே பார்க்கலாம். இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை பதிவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால் போதும், பிறகு இணையமின்றியே உலாவியில் இயங்கும்.

ஆனால், சாவியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் தம் விடையைச் சொல்லியாக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமானது. அதை விட்டுவிட்டால் பாவனையும் இன்னொரு காணொளிதான். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து பின்பற்றிய முறை இதற்குப் பொருத்தமானது: முதலில் தனியாக விடை சொல்லுதல், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுதல், மீண்டும் விடை சொல்லுதல், அதன் பிறகே சோதனை. விடை வாங்கக் கருவி தேவையில்லை. மார்போடு ஒட்டி ஒன்று முதல் நான்கு விரல்களைக் காட்டச் சொன்னால் பின்னால் இருப்பவர் பார்த்து எழுத முடியாது. பிளிக்கர்ஸ் போன்ற செயலியில் மாணவருக்குக் காகித அட்டை மட்டுமே. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்பதை ஆசிரியரின் கைபேசி படித்துக்கொள்ளும். விரலே போதும் என்பது என் கருத்து.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

முந்தைய மறுமொழியில் ஒரு பகுதியை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். ஒரு மின்கலம், இரண்டு டார்ச் பல்பு, கொஞ்சம் கம்பி ஆகியவை எந்தப் பெட்டிக்கடைப் பக்கத்திலும் கிடைக்கும்போது, திரையில் பல்பை எரியவைத்துக் காட்டுவானேன்? 1975–76இல் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்த காலத்திலிருந்தே, கருவி வந்தால் கற்றலும் வந்துவிடும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பிக்கப்படுகிறது. பிள்ளைகளின் கை அழுக்காகட்டும் என்பேன்.

மறுமொழி 3: முதுகலை ஆசிரியர், இயற்பியல்

ஐயா, தங்கள் எச்சரிக்கை நியாயமானதே. இருப்பினும், கொலராடோவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பாவனையில் மட்டும் பயின்ற மாணவர்கள், உண்மைக் கருவிகளில் பயின்றவர்களைவிடக் கருத்து வினாக்களில் மட்டுமல்லாமல், உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் மேம்பட்டிருந்தனர். டார்ச் பல்பில் எலக்ட்ரான் தெரியாது. இணைப்பு தளர்ந்து பல்பு எரியாவிட்டால் தவறு கருத்திலா, கம்பியிலா என்று மாணவருக்குப் புரியாது.

ஆனால் உண்மைப் பல்பைக் கைவிடக் கூடாது என்பதற்கு இயற்பியலே ஒரு காரணம் தருகிறது. பாவனையில் பக்க இணைப்பில் (ஒவ்வொரு விளக்குக்கும் மின்கலத்திலிருந்து தனி வழி) இரண்டாவது விளக்கைச் சேர்த்தால் முதல் விளக்கின் ஒளி மாறாது. பழைய மின்கலத்தில் அதையே செய்தால் முதல் விளக்கு சற்று மங்கும், ஏனெனில் மின்கலத்துக்கு அகமின்தடை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மின்தடை, உண்டு. பாவனையில் அந்த அகமின்தடையையும் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது. எனவே முதலில் திரை, அடுத்து மேசை, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மாணவர் கேட்டதும் மீண்டும் திரை என்ற வரிசையையே நான் பின்பற்றுகிறேன்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. வாரத்துக்குக் கிடைக்கும் பாடவேளைகளில் இந்த வரிசை முழுவதையும் நடத்தினால் பாடத்திட்டத்தை முடிக்க முடியுமா என்பதுதான் மீதமுள்ள தயக்கம்.

மறுமொழி 4: முதுகலை ஆசிரியர், இயற்பியல்

எல்லாப் பாடத்துக்கும் முடியாது, தேவையும் இல்லை. மாணவர் தவறாகவே ஊகிக்கும் இடங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். தொடரிணைப்பு விளக்குகள் அதில் ஒன்று. எளிய வரையறைகளுக்கும் அலகுகளுக்கும் திறன்பலகையே வேண்டாம், கரும்பலகையில் எழுதிப்போட்டு நகர்ந்துவிடலாம்.