மாடல் ராக்கெட்டுக்கு என்ன சொல்?

வணக்கம். பிள்ளைகளுக்கான கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், விமான மாதிரிகளில் ஈடுபாடுள்ள சகோதரர் ராபர்ட்டுக்காக 1954இல் செய்த ராக்கெட் பற்றியது. காகிதக் குழாய், பால்சா மரச் சிறகு, கருமருந்து (வெடிமருந்து) அடைத்த மோட்டார், இறங்குவதற்குப் பாராசூட். மோட்டாரை மாற்றி மறுபடி ஏவலாம். 'மாதிரி ஏவூர்தி' என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பொம்மை போல இருக்கிறது. வேறு சொல் உண்டா?

---

தம்பி, 'சிறுவாணம்' என்று வையுங்கள். திருவிழா பார்த்த எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

---

வாணம் வடமொழிப் 'பாண'த்தின் திரிபு ஐயா. ஏவூர்தியை விடக்கூடாது. 'வலவன் ஏவா வானவூர்தி' (ஓட்டுநர் செலுத்தாத வானூர்தி) என்று புறநானூறு 27இலேயே ஏவலும் ஊர்தியும் சேர்ந்து நிற்கின்றன. 'ஏவு' என்பதன் இறுதி உகரம் முற்றியலுகரம்தான், ஆனாலும் 'ஊர்தி'யோடு சேரும்போது அது கெடுவதற்கு 'முற்றும் அற்று ஒரோவழி' (முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே) என்று நன்னூல் இடம் தருகிறது. 'ஏ' என்றாலே அம்பு. 'எய்' என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள்...

---

எய் வரைக்கும் போக வேண்டாமே. வாணத்தில் எனக்குள்ள தடை வேறு. அன்றைய அமெரிக்காவில் பையன்கள் உலோகக் குழாயில் தாங்களே வெடிமருந்தை அடைத்து வெடித்துக் காயப்பட்டார்கள். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் 1957இல் அந்த ஆபத்தைப் பற்றி எழுதினார். அதைப் படித்துத்தான் கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். மருந்தைக் கையால் தொடாமல் ஏவலாம் என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கே பிறந்தது. அதன் பெயரில் பட்டாசு வாடை வரக்கூடாது.

---

அக்கா சொல்வது சரி. அப்புறம், 'மாதிரி விமானம்' பறக்கிறதே! ராபர்ட்டின் பொழுதுபோக்கும் அதுதான். 'மாதிரி ஏவூர்தி'யே இருக்கட்டும்.

---

நானும் அதற்கே.

---

சரி, 'மாதிரி ஏவூர்தி' என்றே அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

---

நான் இன்னும் சிறுவாணம்தான். கீழே பத்திரமாக இறங்கும் வாணம் என்று ஒரு வரி எழுதினால் பட்டாசு வாடை போய்விடும். அது கிடக்கட்டும், 'மோட்டார்' அப்படியே போகிறதா? இந்த ராக்கெட்டுகளுக்கு மோட்டார் செய்ய 1959இல் வெர்ன் எஸ்டஸ் என்பவர் கட்டிய 'மேபல்' இயந்திரம் ஐந்தரை நொடிக்கு ஒரு மோட்டார் செய்தது. அதை எப்படி எழுதுவீர்கள்? 'உந்துகுழல்' பொருந்துமா?