மாட்டு உண்ணிக்கு மெட்டாரைசியம் பூஞ்சை: பயன்படுத்தியவர்களின் வழிகாட்டல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் கறவை மாடுகளில் உண்ணித் தொல்லை ஓய்ந்தபாடில்லை. சைபர்மெத்ரினும் பிறகு அமிட்ராஸும் ஆகிய இரசாயன உண்ணி மருந்துகளைத் தெளித்தோம். தொடக்கத்தில் உதிர்ந்த உண்ணிகள் இப்போது அசைந்து கொடுப்பதே இல்லை. மருந்துக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்றே எண்ணுகிறேன்.

ஆகவே மெட்டாரைசியம் அனிசோப்லியே, பிவேரியா பேசியானா ஆகிய பூஞ்சைகளை முயன்று பார்க்க விரும்புகிறேன். இவற்றின் வித்துகள் உண்ணியின் மேல்தோலில் ஒட்டி முளைத்து, நொதிகளால் அதைத் துளைத்து உள்ளே பரவிக் கொல்கின்றன என்பதும், இரசாயன மருந்தைப் போல உடனே பலன் தெரியாது என்பதும் அறிவேன். என் குழப்பம் வேறு. இப்பூஞ்சைகளுக்கு ஏற்றது ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நல்ல ஈரப்பதமும். மாட்டின் தோலோ பெரும்பாலும் அதைவிடச் சூடானது, போதாக்குறைக்கு வெயிலின் புற ஊதாக் கதிர்களும் வித்துகளை அழிக்கின்றன. அப்படியானால், முட்டையிடக் கீழே விழும் பெண் உண்ணிகளும், அவை இடும் ஆயிரக்கணக்கான முட்டைகளிலிருந்து வெளிவரும் இளம் உண்ணிகளும் தங்கியிருக்கும் தொழுவத் தரையிலும் மேய்ச்சல் புல்லிலும் மாலை வேளையில் தெளிப்பதுதானே பொருத்தம்?

இவ்வாறு செய்தவர்கள், எத்தனை நாள் இடைவெளியில் தெளித்தீர்கள், எண்ணெய் கலந்த பூஞ்சைக் கரைசல் பூஞ்சைத் தூளைவிட நீடித்துப் பலன் தந்ததா, அதே வாரத்தில் அமிட்ராஸும் பயன்படுத்தினீர்களா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். பயிருக்கென விற்கப்படும் பூஞ்சைத் தூளை மாட்டின் உடலில் தெளிக்க எனக்குத் துணிவில்லை. கால்நடை மருத்துவர்கள் எவரேனும் இதைத் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.