செர்னோபில் சாட்சியங்கள்: சொன்னதை எழுத்தாளர் செதுக்கலாமா?

ஏட்டுச்சுவடி:
பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சின் 'செர்னோபில் பிரார்த்தனை' படித்து முடித்தேன். 1997-இல் வந்த புத்தகம். செர்னோபில் அணுமின் நிலைய விபத்தோடு வாழ்ந்தவர்களிடம் பத்து ஆண்டுகள் பேசி, அவர்கள் சொன்னதையே சாட்சியமாக எழுதியது. இரண்டு நாள் தூக்கமே இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே போகிறார்கள். அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பது பெரும்பாலும் இல்லை. கிழவியும் சிப்பாயும் ஒரே தாளத்தில் பேசினால் அது யாருடைய தாளம்? ஆப்கான் போர் பற்றிய அவருடைய முந்தைய புத்தகத்துக்காக, அதில் பேசியவர்களில் சிலரே தங்கள் சொற்களைத் திரித்துவிட்டதாக பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாட்சியம் என்றால் ஒலிநாடா, தேதி, ஊர், கேள்வி எல்லாம் இருக்க வேண்டும்.

மழைக்காலம்:
அன்றைக்கு சோவியத் அரசிடமும் தேதி போட்ட காகிதம் நிறைய இருந்தது. அதில் என்ன இருந்தது? 1986 ஏப்ரல் 26 அதிகாலை நான்காம் உலை வெடித்தது. பக்கத்திலேயே பிரிப்யாத், சுமார் 49,000 பேர் வாழ்ந்த நகரம். மக்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் மறுநாள் பிற்பகல்தான் புறப்பட்டன. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, பூனையையும் நாயையும் விட்டுவிட்டு ஏறினார்கள். மே 1 அன்று கீவ் நகரில் பேரணி நடந்தது, குழந்தைகளும் போனார்கள். இதையெல்லாம் இன்று நாம் உணர முடிகிறது என்றால், யாரோ ஒருவர் சமையலறையில் உட்கார்ந்து அவர்களைப் பேசவிட்டதால்தான்.

ஐசோடோப்பு:
நான் கதிர்வீச்சு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்தப் புத்தகத்தின் முதல் கதை, தீயணைப்பு வீரரின் மனைவி சொல்வது. கணவர் உடலிலிருந்து வந்த கதிர்வீச்சை வயிற்றிலிருந்த குழந்தை வாங்கிக்கொண்டு தாயைக் காப்பாற்றியது என்று நம்புகிறார். அப்படி நடக்காது. உடைகளைக் களைந்து உடம்பைக் கழுவிய பிறகு, அப்படிப்பட்ட நோயாளியால் பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. இதைத் திருத்தாமல் அச்சிட்டால், பாதிக்கப்பட்டவரைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வளரும். ஊரை விட்டு வந்தவர்களை அந்தப் பயத்தால்தான் பலரும் ஒதுக்கினார்கள்.

மழைக்காலம்:
அவர் வாயில் போய்த் திருத்துவீர்களா? பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையை இழந்தவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் அது. அதுவும் அந்த விபத்தின் பகுதிதான். இன்னொன்று. பால் குடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்று கிராமத்துத் தாய்மார்கள் சொன்னார்களே, அதில் என்ன தவறு? அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் புல்லில் விழுந்து, மாட்டுக்குப் போய், பாலில் வந்து, பிள்ளைகளின் தைராய்டில் சேர்ந்தது. அப்போது பதினெட்டு வயதுக்குள் இருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் என்று ஐநா குழுவே கணக்குச் சொல்கிறது.

ஐசோடோப்பு:
பால் விஷயத்தில் அவர்கள் சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறேன். வயிற்றுக் குழந்தை பற்றிய அந்த வாக்கியத்தை நீக்கச் சொல்லவில்லை, கீழே ஒரு குறிப்பு போடுங்கள்.

ஏட்டுச்சுவடி:
செதுக்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்தால் அது எழுத்தாளரோடு நிற்காது. ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்காக, அதன் அருகிலுள்ள ஃபுதாபா ஊரில் 2020-இல் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே அனுபவம் சொல்ல வருகிறவர்கள் குறிப்பிட்ட அமைப்புகளை விமர்சிக்கக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டதாக அப்போதே செய்தி வந்தது. ஊரை இழந்தவர், யாரால் இழந்தேன் என்று சொல்லாமல் எப்படிக் கதை சொல்வார்?

மழைக்காலம்:
அது வாயை அடைப்பது. எழுத்தாளர் செய்தது வேறு. ஆனால் நாடா இருந்தால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட முடியும், அதை ஒப்புக்கொள்கிறேன். குறிப்பும் போடுங்கள், பக்கத்தின் அடியில். அந்த அம்மா பேசி முடிக்கும்வரை குறுக்கே வராதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
கேள்வியையும் அச்சிட வேண்டும். "குழந்தை எப்படி இறந்தது?" என்று கேட்டாரா, "கதிர்வீச்சால்தானே?" என்று கேட்டாரா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.