அம்மாயியின் பல் செட்டுக்கு அடியில் இரண்டு மதுவங்கள்: கூட்டாளிகளா, எதிரிகளா?

பொகவந்தலாவைப் பேரன்:

எங்கள் அம்மாயிக்கு மேல் தாடையில் முழு பல் செட். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர், இப்போது சீனி வியாதியும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நாளாக ரொட்டிக்குச் சம்பல் வைத்தால் வாய் எரிகிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். செட்டைக் கழற்றிப் பார்த்தால், அது படிந்திருந்த இடம் மட்டும் அச்சுக் குத்தியது போலச் சிவந்திருக்கிறது. புளூகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தார்கள். தணிந்தது, மருந்து முடிந்ததும் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் சுவாப் எடுத்து அனுப்பினோம். ரிப்போர்ட்டில் இரண்டு மதுவங்களின் (ஈஸ்ட்) பெயர்: கன்டிடா அல்பிகன்ஸ், கன்டிடா கிளாப்ராட்டா.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் நான். மதுவம் அரும்பிப் பெருகும், பாணைப் பொங்க வைக்கும், அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. ஒரே வாய்க்குள் இரண்டு இனம் இருந்தால் ஒன்றோடொன்று போட்டி போடாதா? ஒன்றைக் கொன்றால் மற்றது பெருகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டி லேப் அக்கா:

தம்பி, இந்த இரண்டு பெயரும் சேர்ந்து வரும் ரிப்போர்ட் எங்கள் கைக்கு அடிக்கடி வரும், அதிலும் பல் செட் போட்ட வயதானவர்களிடமிருந்து. நிறம் காட்டும் ஊடகத்தில் வளர்த்தால் அல்பிகன்ஸ் பச்சையாகவும் கிளாப்ராட்டா ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவும் வரும். ஒரே தட்டில் இரண்டு நிறமும் நெருக்கி முளைத்திருப்பதைப் பார்த்தாலே இவை பகையாளிகள் இல்லை என்று தோன்றிவிடும்.

விஷயம் இதுதான். அல்பிகன்ஸ் உருண்டையாகவும் இருக்கும், நீண்ட இழையாகவும் வளரும். அந்த இழைதான் தோலுக்குள் நுழைவது. கன்டிடாலைசின் என்ற நச்சை இழையாக இருக்கும்போதுதான் சுரக்கிறது என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். கிளாப்ராட்டாவுக்கு இப்படி இழை விடத் தெரியாது. தனியாக விட்டால் வாய்த் தோலில் சரியாக ஒட்டிக்கொள்ளவும் முடியாது. ஆனால் அல்பிகன்ஸின் இழை மேல் Als என்ற வகைப் புரதங்கள் இருக்கின்றன, கிளாப்ராட்டா அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. நம் பக்கம் நிழல் மரத்தில் மிளகுக் கொடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. எலிகளின் வாயில் கிளாப்ராட்டாவை மட்டும் விட்டபோது சொற்பமாகத்தான் தங்கியது. அல்பிகன்ஸையும் சேர்த்து விட்டபோது நன்றாகப் பெருகியது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். புளூகொனசோலுக்கு அல்பிகன்ஸ் பெரும்பாலும் அடங்கும், கிளாப்ராட்டா அவ்வளவு எளிதில் அடங்காது. மருந்து ஒன்றை அழுத்தினால் மற்றது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். போதாததற்கு, செட்டின் அக்ரிலிக் பரப்பில் இரண்டும் பசைப் படலம் கட்டி உட்கார்ந்திருக்கும். மருந்து அதற்குள் போய்ச் சேருவது கஷ்டம். அண்ணத்தைக் குணப்படுத்திவிட்டு அதே செட்டை மறுபடி மாட்டினால், சிவப்பு திரும்பி வராமல் என்ன செய்யும்?

எல்லா மதுவங்களும் இப்படி ஒத்துப்போவதில்லை. 1995இல் தனி இனமாக அடையாளம் கண்ட கன்டிடா டப்ளினியன்சிஸ், அல்பிகன்ஸுக்கு நெருங்கிய உறவு. ஆனால் ஒன்றாக வளர்த்தால் அல்பிகன்ஸ் அதைப் பின்தள்ளிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கன்டிடா என்ற பெயரைக் கேட்டே பயப்பட வேண்டாம். 2010இல் ஆரோக்கியமான 20 பேரின் வாயை ஆராய்ந்தபோது 15 பேரிடம் கன்டிடா இருந்தது. சீனி கூடும்போதும், எச்சில் குறையும்போதும், செட் இரவும் பகலும் வாயிலேயே கிடக்கும்போதும்தான் அது தொல்லையாகிறது.

பண்டாரவளை உயிரியல் ஆசிரியர்:

மகள், அருமையாக விளக்கினீர்கள், என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். பிச்சியா என்ற மதுவம் கன்டிடாவை அடக்கும் என்று வாசித்த ஞாபகம். இந்த அம்மாவுக்கு அது உதவாதா?

கண்டி லேப் அக்கா:

சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள், சேர். 2014இல் வந்த ஆய்வு அது. எச்ஐவி தொற்று உள்ளவர்களின் வாயில் பிச்சியா கூடினால் கன்டிடா குறைந்திருந்தது. பிச்சியா வளர்ந்த திரவத்தைக் கொடுத்தபோது எலிகளின் வாய்த் தொற்றும் தணிந்தது. ஆனால் அதை வைத்து வீட்டில் எதையும் முயற்சி செய்ய வேண்டாம். கன்டிடா குரூசெய் என்று நாங்கள் எழுதும் இனமும் இன்றைய வகைப்பாட்டில் பிச்சியாதான். புளூகொனசோலுக்கு அது பிறவியிலேயே அசையாது. பெயரை மட்டும் நம்பி வாயில் விடக் கூடாது.

பொகவந்தலாவைப் பேரன்:

அக்கா, இப்போதுதான் புரிகிறது. அம்மாயி செட்டைக் கழற்றவே மாட்டார், தூங்கும்போதும் மாட்டியிருப்பார். லயத்தில் யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது, பல்லில்லாமல் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். என்ன செய்யலாம்?

கண்டி லேப் அக்கா:

எங்கள் அம்மாவும் அப்படித்தான், அந்தக் கூச்சத்தை மதிக்கத்தான் வேண்டும். எல்லாரும் படுத்த பிறகு கழற்றி, மூடி உள்ள டப்பாவில் சுத்தமான தண்ணீரில் போட்டு அவர் தலைமாட்டிலேயே வையுங்கள், விடிந்ததும் முதல் வேலையாக மாட்டிக்கொள்ளட்டும். தண்ணீரில் போடும் முன் செட்டின் உட்பக்கத்தை, அதாவது அண்ணத்தில் படும் பக்கத்தை, மெல்லிய பிரஷாலும் சவர்க்காரத்தாலும் தேய்க்க வேண்டும். பலர் வெளிப் பற்களை மட்டும் தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அண்ணத்தையும் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். ஊற வைக்கும் கிருமிநாசினி எது, எவ்வளவு நேரம் என்பதைப் பல் டாக்டரிடம் கேளுங்கள். செட்டில் உலோகம் இருந்தால் குளோரின் கலந்தது அதை அரித்துவிடும்.

அடுத்த முறை போகும்போது இந்த ரிப்போர்ட்டையும் சீனி அளந்த துண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கிளாப்ராட்டாவுக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று சோதித்தார்களா, செட் தளர்ந்து உரசுகிறதா, இந்த இரண்டையும் கேளுங்கள். நிஸ்டற்றின் என்ற பூஞ்சை மருந்துத் திரவம் தந்தால், செட்டைக் கழற்றிவிட்டுத்தான் வாயில் வைத்திருக்க வேண்டும்.