நம்மட குடும்பம், கல்லடி

சுதா: மாமி, பவி வருகிற தை மாதம் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். கொப்பியைக் கண்டாலே எழும்பி ஓடுகிறாள். பின்னேரம் முழுக்க 'அ' எழுத வைக்கிறதுக்கே சண்டை. என்ன செய்யலாம்?

கலா மாமி: கொஞ்ச நாளைக்குக் கொப்பியை மூடி வை மகள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு எழுத்து வடிவத்தில் பிஸ்கட் சுடு. முன்பள்ளியில் நாங்கள் செய்கிறதுதான்.

ரவி: பிஸ்கட் சுட்டால் எழுத்து வருமா மாமி? எங்களுக்கு அடிமட்டத்தால் அடித்துத்தானே சொல்லித் தந்தாங்க.

கலா மாமி: ஏடு தொடக்கும்போது உன்ர விரலைப் பிடித்து அரிசியில்தானே தம்பி எழுதினாங்க? தட்டில் மாவைப் பரப்பினால் அதே வேலைதான். மா பிசைகிறபோது விரல்களுக்குப் பலமும் வரும். பென்சிலைச் சரியாகப் பிடிக்க அந்தப் பலம் வேணும்.

கலா மாமி: சுதா, மா பக்கெட்டில் 'மா' எங்கே இருக்குது என்று அவளையே தேட விடு. மூன்று மொழி எழுத்துக்குள் தமிழைக் கண்டுபிடிக்கிறதும் வாசிப்புத்தான். மறுகா கஜு, கறுவா இரண்டையும் காட்டி, இரண்டும் எந்தச் சத்தத்தில் தொடங்குது என்று கேள். காதுக்குப் பிடிபட்ட சத்தம்தான் பிறகு கையில் எழுத்தாக வரும்.

சுதா: அளவு சொல்லுங்க பெரியம்மா.

பெரியம்மா: மா 300 கிராம், பட்டர் 200, தூளாக அரைத்த சீனி 100. முட்டை வேண்டாம். பேக்கிங் பவுடரும் போடாதே, பொங்கினால் எழுத்தின் நடு இடைவெளி மூடிப்போகும். இந்த வெயிலுக்குப் பட்டர் இளகிவிடும், பிசைந்ததை அரை மணித்தியாலம் ஃப்ரிட்ஜில் வை. ஓவனில் 170 பாகையில் கால் மணித்தியாலம் அளவில் ஓரம் சிவந்து வரும். பச்சை மாவைத் தின்ன விடாதே.

நிரோ: எங்களிடம் ஓவன் இல்லையே.

பெரியம்மா: கனமான பானைக்குள் மணலைப் பரப்பிச் சூடாக்கு. உள்ளே ஒரு வளையம் வைத்து அதன் மேல் தட்டை வை. மூடி, மெல்லிய நெருப்பில் விடு. அடுப்பு வேலை உன்னுடையது, பிள்ளை தள்ளி இருக்கட்டும்.

கலா மாமி: முதலில் 'ட', 'ப'. நேர்கோட்டு எழுத்து சுலபம். சுழிக்கிற 'அ' பிறகு வரட்டும். சாமான் பெயர்களைப் படத்தோடு ஒரு தாளில் அவளே எழுதட்டும். 'சீனி'யைச் 'சினி' என்று எழுதினால் உடனே வெட்டித் திருத்தாதே. 'சீ...னி' என்று இரண்டு பேரும் நீட்டி வாசியுங்க. சுழி குறைகிறது அவளுக்கே தெரியும்.

*ஞாயிறு, பின்னேரம்*

சுதா: மாமி, தட்டு முழுக்க 'ப'! தன்ர பெயரையும் செய்தாள். 'வி'யின் விசிறி உடைந்து விழுந்தது. "இது இல்லாட்டி 'பவ' என்றுதானே வாசிப்பாங்க அம்மா" என்று சொல்லித் திரும்ப ஒட்டினாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கலா மாமி: என்ர தங்கம்! அதுதான் மகள், எழுத்து எதற்கு என்று பிள்ளைக்கு விளங்கிட்டுது. எப்படிச் செய்தாள் என்று அம்மம்மாவுக்குச் சொல்ல வை. முதல் என்ன, பிறகு என்ன, கடைசியாக என்ன என்று அவளே அடுக்கிச் சொல்லட்டும்.

ரவி: என்ர மகனையும் அடுத்த ஞாயிறு அங்கே கொண்டு வரவா சுதா?

சுதா: கட்டாயம் வாங்க அண்ணா. பட்டர் வாங்கி வாங்க. சாமான் துண்டைப் பவி எழுதித் தருவாள், ஃபோட்டோ அனுப்புகிறேன்.