அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸால் நாடு முழுக்கக் கருக்கலைப்பைத் தடை செய்ய முடியுமா?

கேள்வி: 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய ரோ தீர்ப்பை ரத்து செய்து விஷயத்தை மாநிலங்களிடம் விட்டுவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் மத்திய அரசு இனி தலையிடவே முடியாதா?

பதில் 1: பாதிதான் உண்மை. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் முடிவு செய்யட்டும் என்றுதான் தீர்ப்பு சொன்னது, காங்கிரஸும் அதில் சேர்த்திதானே. 2003-இல் ஒரு குறிப்பிட்ட கருக்கலைப்பு முறையை நாடு முழுக்கத் தடை செய்தார்கள், 2007-இல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தக் காங்கிரஸுக்கு இருக்கும் அதிகாரத்தை வைத்து இப்படிச் சட்டம் போடலாமா என்று அந்த வழக்கில் யாரும் வாதிடவில்லை, அதனால் அந்தக் கேள்விக்கு அதில் விடை கிடைக்கவில்லை, சிக்கலே அங்கேதான்.

பதில் 2: கருக்கலைப்பு மாத்திரையை மறந்துவிட்டீர்களே! மிஃபெப்ரிஸ்டோன் என்ற அந்த மாத்திரைக்கு 2000-இல் அனுமதி கொடுத்தது மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. டெக்சாஸ் தடுத்தாலும் நியூயார்க் டாக்டர் தபாலில் அனுப்புகிறார், அவரைக் காக்க அங்கே தனிச் சட்டமே இருக்கிறது.

கேட்டவர்: அப்போ சண்டை மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும்தானா?

பதில் 2: இப்போதைக்கு அதுவும்தான்.